பத்து வருடம் யாரும் எடுக்காத புத்தகம்

"பத்திரமா இருக்கு" என்று சொல்லிப் போனை வைத்த லைப்ரரியம்மாவைப் போன வாரம் அப்படியே விட்டுவிட்டு வந்தோம். செவ்வாய்க்கிழமை அந்தப் போனை வைத்ததிலிருந்து நான்கு நாளாக அவளுக்குச் சரியான தூக்கமில்லை.

முப்பத்தொரு வருடம் கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்தவள். ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகியும் ஊரில் எல்லோருக்கும் அவள் லைப்ரரியம்மாதான். ஒரு புத்தகத்தைக் கேட்டால், இருந்தால் இருக்கிறது என்பாள், இல்லாவிட்டால் இல்லை என்பாள். இரண்டுக்கும் நடுவில் ஒரு பதில் அவளுக்குத் தெரியாது. அப்படிப்பட்டவள் பொய் சொன்னாள், அதுவும் சொந்த நாத்தனாரிடம்.

நாத்தனார் கேட்டது பெரிதாக ஒன்றுமில்லை.

"அண்ணி, அடுத்த மாசம் ரிட்டயர் ஆகிறேன். அதுக்கு முன்னாடி என் ஆய்வேட்டை ஒரு தடவை கையில எடுத்துப் பாக்கணும்போல இருக்கு. சனிக்கிழமை வரேன். லைப்ரரில இருக்குல்ல?"

இருக்கிறதாவது! ஆறு வருடத்துக்கு முன்பே அதன் மேல் ஊதா மையில் 'நீக்கப்பட்டது' என்று சீல் விழுந்து, கட்டோடு கட்டாகப் பழைய புத்தகக் கடைகளுக்குப் போய்விட்டது. சீல் அடித்தது லைப்ரரியம்மாவின் கை.

இந்த நாத்தனாரை வீட்டில் எல்லோரும் தும்பி அத்தை என்பார்கள். இளம் வயதில் மூன்று வருடம் கல்லூரி ஏரிக்கரையில் விடியற்காலையில் போய் உட்கார்ந்து தும்பிகளை எண்ணியவள். அந்தக் கணக்கைத்தான் ஆய்வேடாக எழுதினாள். அதைப் பக்கம் பக்கமாக டைப் அடித்துக் கொடுத்தது அண்ணி. அதற்குப் பிறகு அத்தைக்குக் கல்லூரி வேலை கிடைக்கவில்லை, இன்சூரன்ஸ் ஆபீஸில் போய் உட்கார்ந்துவிட்டாள். அவளிடம் இருந்த பிரதி வீடு மாறும்போது மழையில் ஊறிக் கூழாகிவிட்டது. மிஞ்சியது நூலகத்துப் பிரதி ஒன்றுதான். யாராவது தும்பியைப் பற்றிக் கிண்டலடித்தால், "சிரிங்க, சிரிங்க. என் புத்தகம் லைப்ரரில இருக்கு" என்பாள். வாழ்க்கையில் அவள் பெருமையாகச் சொல்லிக்கொண்ட ஒரே விஷயம் அது.

இன்றைக்குச் சனிக்கிழமை. அத்தை வருவதற்குள் கடை கடையாகத் தேடிப் பார்த்துவிடுவது என்று முடிவாகியிருந்தது.

"புத்தகம் கிடைச்சா என்ன பண்ணப் போறோம்?" ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டே மகள் கேட்டாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவள் அவள். இந்த வீட்டில் விஷயம் தெரிந்த இன்னொரு ஆள் அவள் மட்டும்தான்.

"நீயே சொல்லு."

"புது லைப்ரரியன் உன் சிஷ்யைதானே? ஒரு மணி நேரம் அலமாரில வச்சுக்கச் சொல்லு. அத்தை வந்து பாப்பாங்க, சந்தோஷமா போயிடுவாங்க."

"சீல்?"

"அது மேல ஒரு ஸ்டிக்கர்."

லைப்ரரியம்மா மகளை ஏற இறங்கப் பார்த்தாள். நாலு நாளைக்கு முன்னால் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் நூலக அட்டையைப் பிடுங்கி வைத்துக்கொண்டிருப்பாள். இன்றைக்கு, "பெரிய ஸ்டிக்கரா வாங்கு" என்று மட்டும் சொன்னாள்.

உள்ளே அவள் கணவர் டேப்பை நீட்டிச் சுவரை அளந்துகொண்டிருந்தார். ஓய்வு பெற்ற சர்வேயர். தங்கை ஆய்வேட்டோடு நிற்கிற மாதிரி போட்டோ எடுத்து ஹாலில் மாட்டப்போகிறாராம்.

"ஆறு மணிக்கு வந்துடுவா. நீங்க ரெண்டு பேரும் காலங்காத்தால எங்க கிளம்பிட்டீங்க?"

"லைப்ரரி வேலையாத்தான்" என்றாள் மகள். அதுவும் ஒரு வகையில் உண்மைதான்.

*

இந்த ஊரில் மூன்று கல்லூரிகள், பதினோரு பழைய புத்தகக் கடைகள். மாணவர்கள் ஜூன் மாதம் வாங்கி ஏப்ரலில் விற்பார்கள். ஒரே புத்தகம் ஐந்தாறு பேர் கை மாறி, ஐந்தாறு விதமாக அடிக்கோடு வாங்கி, கடைசியில் எந்த வரி முக்கியம் என்றே தெரியாமல் போகும். கல்லூரி வாசலில் தொடங்கும் கடைத்தெரு ஆற்றுப் பாலம் வரை வளைந்து வளைந்து போகிறது.

முதல் கடை வாசலை ஒட்டியே இருந்தது. தேர்வுக் கையேடுகள் கழுத்துவரை அடுக்கியிருந்தன, நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் போக மட்டும் இடம். கடைக்காரர் லைப்ரரியம்மாவைப் பார்த்ததும் சட்டென்று எழுந்து நின்றார். ஐம்பது வயது மனிதர், கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"மேடம், நீங்களா! அந்த ரெண்டு புத்தகத்தை நான் திருப்பித் தந்துடறேன் மேடம். வீட்லதான் இருக்கு."

"எந்த ரெண்டு?"

மறந்துவிட்டாள் என்று தெரிந்ததும் அவருக்கு உயிர் வந்தது. "ஒன்னுமில்ல மேடம். என்ன வேணும், சொல்லுங்க."

கல்லூரி நூலகத்துக் கட்டுகள் இருப்பதாக அவர் காட்டிய மூலையில் போய்ப் பார்த்தாள். இரண்டு அலமாரி முழுக்க அவள் நூலகத்துப் புத்தகங்கள். ஒவ்வொன்றின் முதல் பக்கத்திலும் அதே ஊதா சீல். சிலவற்றில் நேராக, சிலவற்றில் சாய்ந்து. மதியத்துக்கு மேல் அடித்தவை சாய்ந்திருக்கும், அது அவளுக்கே தெரியும். அன்றைக்குக் கை வலித்தது.

"எல்லாம் உன் கைவண்ணமா?" என்றாள் மகள்.

"ரெண்டாயிரத்து எழுநூறு."

"அதுல அத்தையோடதை மட்டும் விட்டிருக்கலாம்ல?"

லைப்ரரியம்மா ஒரு புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டித் திரும்ப வைத்தாள். "பத்து வருஷம் யாரும் எடுக்கலன்னா நீக்கணும்னு விதி. அந்த வருஷம் எத்தனை பேர் வந்து கெஞ்சினாங்க தெரியுமா? வேதியியல் துறைத் தலைவர் தான் எழுதின புத்தகத்தை விட்டுடச் சொல்லி என் மேஜை முன்னாடி நின்னாரு. முடியாதுன்னுட்டேன். அடுத்த கட்டுல இது வருது. நான் என்ன பண்ணுவேன்?"

"நீயே வாங்கி வீட்டுக்குக் கொண்டு வந்திருக்கலாம்."

"ஊழியரோ குடும்பத்தாரோ வாங்கக்கூடாது. அதுவும் விதி."

"அந்த விதியை யாரும்மா எழுதினது?"

லைப்ரரியம்மா அடுத்த அலமாரிக்கு நகர்ந்தாள். எழுதியது அவள்தான்.

உண்மையில் அன்று அந்தப் பச்சை அட்டைப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தாள். கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருந்த தவணைத் தாளில் ஒரு தேதிகூட இல்லை. யாராவது ஒருவர், ஒரே ஒருவர், ஒரு நாளைக்காவது எடுத்துப் போயிருந்தால் தப்பித்திருக்கும். நாத்தனாரிடம் இதை எப்படிச் சொல்வது? நீக்கிவிட்டேன் என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள். யாருமே எடுக்கவில்லை என்று சொல்ல வேண்டியிருக்கும். சொல்லாமல் விட்டதற்கு அதுதான் காரணம். நல்ல காரணம்தான், ஆனால் ஆறு வருடத்துக்கு நீண்டுவிட்டது.

*

மதியத்துக்குள் ஆறு கடை முடிந்தது. ஒரு கடையில் பூனை மட்டும் இருந்தது. இன்னொன்றில் கடைக்காரர் மகளுக்கு ஒரு சமையல் புத்தகத்தை விற்றுவிட்டுத்தான் வழிவிட்டார்.

ஏழாவது கடை சைக்கிள் பழுது பார்க்கும் பட்டறைக்கு மேல் மாடியில். நடத்துவது ஒரு அம்மாள். தலைப்பு, ஆசிரியர் எதுவும் அங்கே செல்லாது.

"கனம் சொல்லுங்க" என்றாள்.

"என்னது?"

"எவ்வளவு தடிமன்? என்கிட்ட இருக்கிற அலமாரி எல்லாம் ஏற்ற இறக்கமா இருக்கு. தலைப்புப்படி அடுக்கினா பாதி இடம் வீணாப் போவுது. அதான் தடிமன்படி அடுக்கிட்டேன்."

முப்பத்தொரு வருடம் எண் போட்டு அடுக்கிய லைப்ரரியம்மாவுக்கு ஒரு கணம் தலை சுற்றியது. மகள் விரலை இப்படியும் அப்படியுமாக விரித்துக் காட்டிப் பார்த்தாள். ஒன்றும் சரிவரவில்லை.

"அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றாள் மகள்.

போன் போட்டதும் அவர் யோசிக்கவே இல்லை. "முப்பத்திரண்டு மில்லிமீட்டர். அட்டையோட சேர்த்து. அன்னைக்கே அளந்தேனே."

"தேங்க்ஸ்ப்பா."

"இரு, இரு. லைப்ரரில இருக்குன்னுதானே உங்கம்மா சொன்னா? அங்கயே அளந்து பாக்கறதுக்கு என்ன?"

மகள் பேந்தப் பேந்த விழித்தாள். லைப்ரரியம்மா போனை வாங்கிக்கொண்டாள். "ஸ்கேல் கொண்டு வரலைங்க."

"ஓ. சரி, இன்னொரு விஷயம். தங்கச்சி மெசேஜ் அனுப்பியிருக்கா. சீக்கிரமே பஸ் ஏறிட்டாளாம். நாலேகாலுக்கு இறங்கிடுவா. ஆனா ஊருக்குள்ள ஏதோ சின்ன வேலை இருக்காம், முடிச்சுட்டு ஆறு மணிக்குத்தான் வீட்டுக்கு வருவாளாம். அவளுக்கு இங்க என்ன வேலை?"

"எனக்கெப்படித் தெரியும்?" என்று போனை வைத்தாள். மணி மூன்று.

கடைக்கார அம்மாள் ஒரு அலமாரியின் இடுக்கில் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். "முப்பத்திரண்டு இங்க வரும். பச்சை அட்டையா? டைப் அடிச்சதா? அது மாதிரி ஒன்னு வந்துச்சு. ஆனா ஆய்வேடு எல்லாம் எங்கிட்ட போகாது. அப்பவே சலவைக்காரர்கிட்ட தள்ளி விட்டுட்டேன்."

"எந்த சலவைக்காரர்?"

"பாலத்தடி. முன்னாடி சலவைக்கடை வச்சிருந்தாரு. இப்போ புத்தகம்."

*

கடையைப் பார்த்ததும் புரிந்தது. மேலே துணி மாட்டும் இரும்புக் கம்பிகள் அப்படியே இருந்தன, அவற்றில் பழைய வரைபடங்கள் தொங்கின. இஸ்திரி மேஜைதான் கல்லாப்பெட்டி. சலவைக்காரர் அறுபது வயதுக்காரர். அவர் சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை.

அங்கிருந்த ஒவ்வொரு புத்தகத்திலிருந்தும் ஒரு மஞ்சள் சீட்டு நாக்கை நீட்டியது போல வெளியே தெரிந்தது. சீட்டில் பென்சில் கோடுகள்.

"துணிக்குச் சீட்டு குத்திக் குத்தி நாற்பது வருஷம் பழகிட்டேன். சீட்டு இல்லாம ஒரு பொருளைக் கடையில வைக்க எனக்கு வராது" என்றார். "ஒரு ஆள் எடுத்துப் பார்த்துட்டுத் திரும்ப வச்சா ஒரு கோடு. பத்து கோடு விழுந்தா விலையைக் குறைப்பேன். அதே ஆள் மறுபடி வந்து எடுத்தா கோடு கிடையாது, வட்டம். ஒருத்தரே பத்து தடவை பார்த்தா அது பத்து பேர் ஆயிடுமா?"

"ஆகாது" என்றாள் லைப்ரரியம்மா. அன்று முழுவதும் அவள் பார்த்த கடைகளில் விதி என்று ஒன்று இருந்த முதல் கடை இது. அவளுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

மகள்தான் கேட்டாள். "ஏரித் தும்பிகளைப் பத்தி ஒரு ஆய்வேடு. பச்சை அட்டை. இருக்கா?"

சலவைக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அது போயிடுச்சேம்மா. செவ்வாய்க்கிழமைதான் போச்சு."

லைப்ரரியம்மா இஸ்திரி மேஜையைப் பிடித்துக்கொண்டாள். ஆறு வருடம் கிடந்தது, நாலு நாளைக்கு முன்னால் போயிருக்கிறது.

"நீங்க இன்னைக்கு வந்து கேக்கறீங்க. அந்த அம்மாவும் இன்னைக்கு வருவாங்க. அவங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் காலையிலிருந்து யோசிச்சுட்டு இருக்கேன்."

"எந்த அம்மா?"

அவர் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்தார். விற்றுப்போன புத்தகங்களின் சீட்டுகள் அதில் இருந்தன. ஒன்றை எடுத்து நீட்டினார். அதில் முதலில் ஒரு கோடு. அப்புறம் வட்டம். அப்புறமும் வட்டம். முன்பக்கம் நிரம்பி, பின்பக்கமும் பாதி வரை வட்டங்கள்.

"அஞ்சு வருஷமா வராங்க. மாசத்துல முதல் சனிக்கிழமை, சாயங்காலம் அஞ்சு மணி வாக்குல. நேரா போய் அதை எடுப்பாங்க. கைக்குட்டையால அட்டையைத் துடைப்பாங்க. நாலு பக்கம் படிப்பாங்க. வச்சுட்டு ஆறு மணி பஸ்ஸுக்குப் போயிடுவாங்க. வாங்கவும் மாட்டாங்க, விலை கேக்கவும் மாட்டாங்க. ஒரு தடவை பேனாவை எடுத்து உள்ள ஒரு நம்பரைத் திருத்தினாங்க. நான் சத்தம் போட்டேன், கடைப் புத்தகத்துல எழுதலாமான்னு. 'மன்னிச்சுக்குங்க, தப்பு என்னோடதுதான்'னாங்க."

லைப்ரரியம்மாவுக்கு எந்த நம்பர் என்று தெரியும். நான்காவது அட்டவணை. பதினேழு என்று அடிக்க வேண்டிய இடத்தில் எழுபத்தொன்று என்று அடித்துவிட்டு, பைண்டிங் முடிந்த பிறகுதான் பார்த்தாள். அன்றைக்கு அண்ணியும் நாத்தனாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தப்பு நாத்தனாருடையது இல்லை.

"அத்தை" என்றாள் மகள் மெல்ல. "அத்தைக்குத் தெரியும்மா. அஞ்சு வருஷமாத் தெரியும்."

லைப்ரரியம்மா அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். கன்னமெல்லாம் சூடேறியது. யாராவது நாலு பேர் நடுவில் அவளைத் திட்டியிருந்தால்கூட இவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது. இந்த அஞ்சு வருடத்தில் நாத்தனார் எத்தனை தடவை வீட்டுக்கு வந்திருக்கிறாள்! இவள் செய்த சாப்பாட்டைச் சாப்பிட்டிருக்கிறாள். முழங்கால் வலிக்கு எண்ணெய் வாங்கி வந்திருக்கிறாள். ஒரு வார்த்தை கேட்டதில்லை. செவ்வாய்க்கிழமை கேட்டாள். லைப்ரரில இருக்குல்ல என்று, தெரிந்துகொண்டே கேட்டாள். பதில் சொல்ல ஒரு வாய்ப்பு கொடுத்தாள்.

இவள் பத்திரமாக இருக்கிறது என்றாள்.

"தண்ணி குடிக்கிறீங்களா?" என்றார் சலவைக்காரர்.

"வேண்டாம். வாங்கினது யாரு?"

"ஒரு பொண்ணு. இருபத்தஞ்சு வயசு இருக்கும். முழங்கால் வரைக்கும் சேறு. நின்னுக்கிட்டே ஒரு மணி நேரம் படிச்சா. பேரம் பேசவே இல்ல. கிளம்பும்போது, 'இதை எழுதினவங்க இப்போ உயிரோட இருக்காங்களா?'ன்னு கேட்டா. எனக்கு என்ன தெரியும்? ஒரு அம்மா வருவாங்க, அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கலாம், சனிக்கிழமை அஞ்சு மணிக்கு வந்து பாருன்னேன். வரேன்னு சொல்லிட்டுப் போனா."

மகள் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி மூன்று ஐம்பது.

"அம்மா, இப்போ என்ன பண்றது? லைப்ரரிக்குப் போய்..."

"லைப்ரரியும் வேண்டாம், ஸ்டிக்கரும் வேண்டாம்." லைப்ரரியம்மா எழுந்து நின்றாள். "பஸ் ஸ்டாண்டுக்கு விடு."

*

நாலேகால் பஸ் நாலரைக்கு வந்தது. தும்பி அத்தை தோள் பையோடு இறங்கினாள். அண்ணியைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஒரு தடுமாற்றம், உடனே சரிசெய்துகொண்டாள்.

"என்ன அண்ணி, நீங்க எதுக்கு வந்தீங்க? நானே ஆறு மணிக்கு..."

"உன் புத்தகம் லைப்ரரில இல்ல."

முன்னும் இல்லை பின்னும் இல்லை. ஸ்கூட்டர் பக்கத்தில் நின்ற மகள் பல்லைக் கடித்தாள். கொஞ்சம் பக்குவமாகத் தொடங்கலாம் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்திருந்தாள் பாவம்.

"நான்தான் நீக்கினேன். ஆறு வருஷம் ஆச்சு. பத்து வருஷமா யாரும் எடுக்கல, அதனால சீல் அடிச்சேன். உன்கிட்ட சொல்லியிருக்கணும், சொல்லல. செவ்வாய்க்கிழமை நீ கேட்டப்போ பொய் சொன்னேன். இன்னைக்குக் காலையிலகூட அந்தப் பொய்யைக் காப்பாத்தத்தான் கிளம்பினேன்."

பேருந்து நிலையத்தின் சிமெண்ட் பெஞ்சில் தும்பி அத்தை உட்கார்ந்தாள். பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"சலவைக்கடைக்குப் போனீங்களா?"

"போனேன்."

"அப்போ எனக்குத் தெரியும்னு தெரிஞ்சப்புறம்தான் சொல்றீங்க."

லைப்ரரியம்மாவுக்கு ஒளிந்துகொள்ள இடமில்லை. "ஆமா" என்றாள்.

ஒரு பஸ் பின்னால் எடுத்தது. நடத்துநர் விசில் அடித்துக்கொண்டே அதற்கு வழிகாட்டினார்.

"நீங்க ரிட்டயர் ஆன மறு வருஷம் ஆபீஸ் வேலையா இந்த ஊருக்கு வந்தேன்" என்றாள் அத்தை. "நேரம் இருந்துச்சு. லைப்ரரிக்குப் போய் சாதாரண வாசகர் மாதிரி என் புத்தகத்தைக் கேட்டேன். யாராவது ஒருத்தராவது என் புத்தகத்தைக் கேட்டு எடுக்கட்டுமேன்னு, அது நானாவே இருந்துட்டுப் போகட்டுமேன்னு. கம்ப்யூட்டர்ல பாத்துட்டு 'நீக்கப்பட்டது'ன்னாங்க. அன்னைக்கே ஒவ்வொரு கடையா ஏறி இறங்கிக் கண்டுபிடிச்சேன்."

"என்கிட்ட வந்து சண்டை போட்டிருக்கலாமே!"

"எதுக்கு? நீங்க விதியை மீறியிருந்தாத்தான் எனக்கு ஆச்சரியமா இருந்திருக்கும்."

"அப்புறம் ஏன் நீங்க வாங்கல?" மகளால் அடக்க முடியவில்லை. "அங்கதானே இருந்துச்சு. வாங்கி வீட்ல வச்சிருக்கலாமே அத்தை?"

தும்பி அத்தை அவளை நிமிர்ந்து பார்த்தாள். "நான் வாங்கிட்டா, அப்புறம் அதை யாருடி வாங்குவா? என் வீட்டு பீரோவுல பூட்டி வைக்கவா மூணு வருஷம் ஏரிக்கரையில உக்காந்தேன்? ஒவ்வொரு மாசமும் போயிருக்கும், போயிருக்கும்னு நினைச்சுட்டே வருவேன். அங்கேயேதான் இருக்கும். துடைச்சு வச்சுட்டுப் போவேன்."

 லைப்ரரியம்மா நாத்தனாரின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"போயிடுச்சு" என்றாள்.

"எது?"

"உன் புத்தகம். செவ்வாய்க்கிழமை வித்துப்போச்சு. ஒரு பொண்ணு வாங்கிட்டுப் போயிருக்கா. ஒரு மணி நேரம் நின்னு படிச்சாளாம். பேரமே பேசலையாம்."

 தும்பி அத்தை பையின் வாரை விரலில் சுற்றினாள், பிரித்தாள், மறுபடி சுற்றினாள். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது, அதைத் துடைக்கவும் தோன்றவில்லை அவளுக்கு.

"யாரு? என்ன படிக்கிறா? ஏன் வாங்கினா?"

"தெரியாது. அஞ்சு மணிக்குக் கடைக்கு வரா. எழுதினவங்களைப் பாக்கணும்னு சொல்லியிருக்கா."

அத்தை விருட்டென்று எழுந்தாள். நிலையத்து வாசல்வரை ஏறக்குறைய ஓடினாள். லைப்ரரியம்மா பெஞ்சை விட்டு எழவில்லை. தன்னைக் கூப்பிட வேண்டிய அவசியம் நாத்தனாருக்கு இல்லை என்று அவளுக்குத் தோன்றியது. மகள் ஸ்கூட்டர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு யார் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றாள்.

வாசலில் அத்தை நின்றாள். திரும்பி வந்தாள்.

"என்ன உக்காந்துட்டீங்க?"

"நான் எதுக்கு? அது உன் சந்தோஷம். நீ போய்ட்டு வா."

"அண்ணி, ஒன்னு சொல்றேன், கேட்டுக்குங்க. சீல் அடிச்சதுக்கு எனக்குக் கோபம் இல்ல. சத்தியமா இல்ல. பத்திரமா இருக்குன்னு சொன்னீங்களே, அதுக்கு இருக்கு. நிறைய இருக்கு. இன்னைக்கு அழுததுல அது போகாது. அடுத்த மாசம் ரிட்டயர் ஆனதும் மூட்டையைக் கட்டிட்டு உங்க வீட்டுக்குத்தான் வரப் போறேன், அது போற வரைக்கும் அங்கதான் இருப்பேன்."

மகளுக்குச் சிரிப்பு வந்தது. அத்தையின் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"இப்போ எழுந்திருங்க" என்றாள் அத்தை. "லைப்ரரில இருக்க வேண்டிய புத்தகம் சலவைக்கடைக்கு எப்படி வந்துச்சுன்னு அந்தப் பொண்ணு கேப்பா. நான் சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும்."

லைப்ரரியம்மா எழுந்தாள்.